பச்சை மலையில் ஒரு பாலை

மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் ஊன்றும் வழக்கம் உண்டு. ஆக்ரா ஓயாவின் இருமருங்கும் தேயிலை படர்ந்த அக்கரப்பத்தனையிலே, தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயத்துக்கு லயம் ஆடி வருவார்கள். ரதியாக வேடம் புனைபவர் பெரும்பாலும் ஓர் ஆண்மகனே. ஆயினும் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்துபோக, ரதி தலைவிரி கோலமாய் நின்று புலம்பும் கட்டம் வந்துவிட்டால், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசலில் குந்தியிருக்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

அந்த மன்மதனின் வில்லோ கரும்பு. கணைகளோ தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்கள். 4,000 அடிக்கு மேல் உயர்ந்து, கரும்பும் மாவும் செழிக்காத இந்தக் குளிர்நிலத்திலே, மூதாதையர் விட்டுவந்த தமிழகச் சமவெளியின் செடிகொடிகளே விரகத்தின் பாஷையாக இன்றும் நின்று நிலவுகின்றன. மனிதன் ஊரைப் பிரிந்தாலும், ஏக்கத்தைச் சொல்ல அவன் கற்ற பூக்களை மாத்திரம் பிரிவதில்லை போலும்.

இயற்கையின் வாயால் ஏக்கத்தைப் பேசவைக்கும் இந்த வித்தையில் சீன தேசத்துப் பழங்கவிகள் மகா சமர்த்தர்கள். பிரயாணம் போகிறவனுக்கு வில்லோ மரக் கிளையொன்றை ஒடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். ஆற்றங்கரைகளில் கூந்தல் போலத் தொங்கும் அம்மரத்துக்குச் சீனத்தில் 'லியூ' என்று பெயர். 'தங்கியிரு' என்னும் சொல்லும் ஏறத்தாழ அதே ஓசையுடையது. ஆகையால், போகாதே என்று நாவால் சொல்ல இயலாதவன் கிளையை நீட்டினாலே போதும், கேட்க வேண்டியவனுக்கு அது கேட்டுவிடும். தாங் வம்சத்துக் காலத்தில், 756ஆம் ஆண்டு, கலகக்காரர் வசமாகியிருந்த தலைநகர் சாங்கானில் அகப்பட்டுக்கொண்ட கவி தூ ஃபூ, தொலைவிலுள்ள தம் மனைவி தன்னந்தனியாக நிலவைப் பார்த்திருப்பதாகக் கற்பனை செய்து பாடினார். தம் துயரத்தைச் சொல்லாமல் அவள் காணும் நிலவைச் சொன்னதனாலேயே, ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பாட்டு நெஞ்சை அறுக்கிறது.

வானத்திலே பறந்துபோகும் காட்டு வாத்துக்கூட்டமும் அவர்களுக்குக் கடிதம் கொண்டுபோகும் தூதுதான். நம் சத்திமுற்றப் புலவர் மதுரைக் குளிரில் நடுங்கிக்கொண்டு, நாரையை அழைத்து மனைவிக்குச் சேதி சொல்லியனுப்பியதை நினைத்துக்கொண்டால், இரு தேசத்து வறியவர்களுக்கும் வானமே தபால் பாதையாக இருந்ததென்பது விளங்கும்.

ஆனால் சீனர் வழக்கத்தால் போற்றிய குறிகளைத் தமிழர் இலக்கணமாகவே வகுத்து வைத்தனர். தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டிலே மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல். பாலைக்கு உரியது பிரிதல். அந்தப் பாலைக்குத் தனக்கென்று ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையாக உருக்கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது.

இந்த விளக்கத்தைப் படிக்குந்தோறும் என் மனம் அக்கரப்பத்தனைக்கே திரும்புகிறது. முதலிலே கோப்பிக்காகவும், 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்த பிற்பாடு தேயிலைக்காகவும் இம்மலைகளின் கானகம் வெட்டி எரிக்கப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்தவர்களிலே வழியிலேயே மாண்டவர் அநேகர். வந்து சேர்ந்தவர்களுக்கோ மலை என்பது கூடும் இடமாக அமையாமல், தாயையும் ஊரையும் பிரிந்த இடமாயிற்று. கோப்பிக் காலத்து நாட்டுப்பாடல் ஒன்று மலையை அடையாளம் காட்டும்போது, அண்ணனைப் பறிகொடுத்த மலை என்றே காட்டுகிறது. வெயிலால் அன்றி மனிதர் கைகளால் இயல்பு திரிந்த குறிஞ்சி இது. கண்ணுக்குப் பச்சை, நெஞ்சுக்குப் பாலை.

மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியுமாக வாய்வழி வாழ்ந்த இப்பாடல்களைத் தேடித் திரட்டி, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். சீனத்தார் தம் ஆதிப்பாடல்கள் முந்நூற்றைந்தையும் தொகுத்துச் சாஸ்திரமாகப் போற்றியதற்கு ஒப்பான காரியம் அது. தனியொருவர் அதைச் செய்ய நேர்ந்ததை நினைக்க எனக்கு வருத்தமும் பெருமிதமும் ஒருங்கே உண்டாகின்றன.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது பிரிவு திசை மாறிற்று. முன்னோர் அழுதபடி கடந்த கடலைப் பேரர்கள் அழுதபடி மறுபுறம் கடந்தார்கள். அவர்களிலே பலர் நீலகிரியில், குறிஞ்சி பூக்கும் மலைகளிலே, மீண்டும் கூடை சுமந்து கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'.

காமன் கதையின் முடிவிலே மன்மதன் உயிர்பெற்று எழுகிறான். அவனை ரதியின் கண் மட்டுமே காணும். சுற்றி நிற்பவர் எவருக்கும் அவன் புலப்படான்.