நன்னீர் மீன்பிடிக்கு உறுதியான சுழல் றீலைத் தேர்ந்தெடுத்தல்

இலங்கையின் உலர் வலயத்தில் நெல்லுக்கும் மரக்கறிக்கும் நீர் தரும் குளமே கமக்காரருக்கு மீனையும் தருகின்றது. இந்நாட்டில் பெரிய இயற்கை ஏரிகள் இல்லாமையால், நன்னீர் மீன் பெரும்பாலும் இரணைமடு, கந்தளாய், உன்னிச்சை, பராக்கிரம சமுத்திரம் போன்ற நீர்ப்பாசனக் குளங்களிலிருந்தே கிடைக்கின்றது. 1952 ஆம் ஆண்டில் திலாப்பியா இங்கு கொண்டுவரப்பட்ட பின்னர், குளத்து மீன் கிராமத்து உணவில் முக்கிய இடம் பெற்றது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையிற் கிடைக்கும் ஓய்வில் தூண்டிலிட்டு வீட்டுக் கறிக்கு மீன் பிடிப்போர் பலராவர்.

இவர்களுட் சிலர் கைத்தூண்டிலை விட்டு, சுழல் றீல் பூட்டிய தூண்டிற் கம்பை வாங்க விரும்புகின்றனர். கத்தரியும் மிளகாயும் விற்ற பணத்தில் வாங்கிய றீல் ஒரு போகம் முடியுமுன்னரே பழுதாகுமாயின் அப்பணம் வீணாகும். பளபளப்பையும் பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட எண்களையும் நம்பி வாங்குவோருக்கே இந்நட்டம் பெரும்பாலும் நேருகின்றது. றீலின் பாகங்களையும் அவற்றின் தொழிலையும் அறிந்தவர் கடையிலேயே நல்லதையும் தீயதையும் பிரித்தறியலாம்.

றீல் அவசியமானதா?

முதலில் இவ்வினாவுக்கு விடை காணல் வேண்டும். குளக்கரையில் நின்று மண்புழுவையோ பாண் துண்டையோ இரையாக இட்டுத் திலாப்பியா பிடிப்பவருக்கு மூங்கிற் கம்பும் சிறிது தங்கூசி நூலும் ஒரு மிதப்புமே போதியன. அவர் றீலுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

கரையிலிருந்து தொலைவில் இரையை எறிய வேண்டியவருக்கும், தாமரை, ஆம்பற் கொடிகளின் ஓரத்தில் விரால் தேடுபவருக்கும், பெரிய மீனுக்கு நூலை விட்டுக் களைப்படையச் செய்து பிடிப்பவருக்குமே றீல் பயன்படும்.

சுழல் றீல் வேலை செய்யும் முறை

இங்கிலாந்தின் பிராட்போட் நகரில் கம்பளி ஆலை நடத்திய இலிங்வேத் என்பவர் 1905 ஆம் ஆண்டில் இவ்வகை றீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலைகளில் நூல், அசையாதிருக்கும் கண்டின் நுனிவழியே கழன்று செல்வதுபோல, இந்த றீலிலும் இரை எறியப்படும்போது நூலுருளை சுழல்வதில்லை. நூல் அதன் முன் விளிம்பைக் கடந்து தானே கழன்று செல்லும். எனவே பாரம் குறைந்த இரையையும் தூரத்தில் எறியலாம்.

நூலைத் திருப்பிச் சுற்றும்போதும் உருளை சுழல்வதில்லை. கைபிடியைத் திருப்பப் பற்சக்கரங்கள் சுழலியைச் சுற்றும். சுழலியிற் பூட்டிய வளைகம்பியும் சிறு கப்பியும் நூலை உருளைமேற் சுற்றும். உருளை முன்னும் பின்னும் மட்டுமே அசையும். மீன் வலித்து இழுக்கும்போது, உருளையிலுள்ள தடுப்பு வழுகி நூலை விட்டுக்கொடுக்கும்.

பற்சக்கர விகிதம் 5 க்கு 1 எனின், கைபிடியின் ஒரு சுற்றுக்குச் சுழலி 5 முறை சுற்றும். உருளையின் சுற்றளவு 15 சென்ரிமீற்றராயின் ஒரு சுற்றுக்கு 75 சென்ரிமீற்றர் நூல் உள்வரும். குளத்து மீன்பிடிக்கு இவ்விகிதம் ஏற்றது. இதனினும் மிகக் கூடிய விகிதம் வேகத்தைத் தரினும் பாரமான மீனை இழுக்கும்போது கைக்குக் கடினமாயிருக்கும்.

உறுதியை நிர்ணயிக்கும் பாகங்கள்

உடலும் காலும்: றீலின் உடல் அலுமினியத்தாலோ, கரிநார் கலந்த பிளாத்திக்கினாலோ செய்யப்படும். அலுமினிய உடல் பாரத்துக்கு வளையாது. பிளாத்திக்கு உடல் இலேசானது, துருப்பிடியாதது. உப்பில்லாத குளத்து நீரில் நடுத்தர மீன் பிடிப்பவருக்கு நல்ல பிளாத்திக்கு உடலே போதும். ஆயின் கம்பிற் பூட்டப்படும் கால், உடலோடு சேருமிடத்தில் மெலிந்திருத்தல் ஆகாது. றீல் முறிவது பெரும்பாலும் அவ்விடத்திலேயாம்.

பற்சக்கரங்கள்: பெரிய சக்கரம் நாகக் கலப்புலோகத்திலும் சிறிய சக்கரம் பித்தளையிலும் அமைந்திருப்பது வழக்கம். நன்கு வார்க்கப்பட்ட நாகச் சக்கரம் நன்னீர் வேலைக்குப் பல ஆண்டு உழைக்கும். பற்கள் சீராகப் பொருந்தாவிடின் எவ்வுலோகமாயினும் விரைவில் தேயும்.

போல் பெயாரிங்: பெயாரிங்குகளின் தொகை உறுதிக்கு அளவாகாது. மலிவான பத்தைக் காட்டிலும், உரிய இடங்களில் அமைந்த தரமான நான்கு மேலானவை. பெரிய சக்கரத்தின் இருபுறமும், சுழலியின் அச்சிலும், நூற்கப்பியிலும் அவை இருத்தல் நன்று.

தடுப்பு: இதில் உரோமத்தாலான வட்டுக்களோ கரிநார் வட்டுக்களோ இருக்கும். இரண்டும் நன்னீருக்கு ஏற்றவை. எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதிலும், திணறாமல் ஒரே சீராக வழுகுகின்றதா என்பதே முக்கியமானது. திணறும் தடுப்பு நூலை அறுக்கும்.

நூற்கப்பியும் வளைகம்பியும்: கப்பி சுழலாது நின்றுவிடின் நூல் அதன்மேல் உராய்ந்து தேயும், நாளடைவிற் கப்பியிலும் பள்ளம் விழும். வளைகம்பி தடித்ததாயும், அதன் வில் உறுதியானதாயும் இருத்தல் வேண்டும்.

கடையிற் செய்ய வேண்டிய சோதனைகள்

1. றீலைக் காதருகே பிடித்துக் கைபிடியை மெதுவாகத் திருப்புக. அரைபடும் ஒலியோ, தடக்குத் தடக்கென்ற அசைவோ உள்ளதைத் தள்ளிவிடுக. வேகமாகத் திருப்பும்போது இக்குறை மறைந்துவிடும்.

2. கைபிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. ஆட்டம் குறைவாயிருத்தல் நன்று. அச்சினுட் புரியிட்டு நேரே முறுக்கப்படும் கைபிடி, குறுக்காணியால் இறுக்கப்படுவதிலும் உறுதியானது.

3. வளைகம்பியை இருபது தடவை திறந்து மூடுக. ஒவ்வொரு முறையும் அது தயக்கமின்றி நிலையிற் பொருந்த வேண்டும்.

4. நூலுருளையின் விளிம்பையும் கப்பியையும் விரல் நகத்தால் தடவுக. நகம் தடைப்படும் இடத்தில் நூலும் அறுபடும்.

5. தடுப்பைச் சிறிது தளர்த்தி நூலைக் கையால் இழுக்க. முதல் இழுப்பிலும் பின்னரும் ஒரே அளவு விசை தேவைப்படுதல் வேண்டும்.

6. தடுப்பை இறுக்கி நூலை இழுக்கும்போது கால் வளைகின்றதா, சுழலி உடலில் உராய்கின்றதா என நோக்குக.

7. வளைகம்பி வில், கைபிடி, உருளை முதலிய உதிரிப் பாகங்கள் கிடைக்குமா எனக் கடைக்காரரிடம் கேட்டறிக. ஒரு சிறு வில் கிடைக்காமையால் முழு றீலும் வீணாவதுண்டு.

அளவும் நூலும்

2500 என்ற அளவுக் குறியுள்ள றீல் பொதுவான குளத்து வேலைக்கு ஏற்றது. திலாப்பியாவுக்கு 3 முதல் 4 கிலோகிராம் வரை தாங்கும் தங்கூசி நூல் போதும். களை நிறைந்த இடத்தில் விரால் பிடிப்பவர் இதனிலும் வலிய நூலை இடுதல் வேண்டும்.

நூலை உருளையின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் கீழே வரும்வரை நிரப்புக. கூடுதலாயின் நூல் சிக்குப்படும். குறைவாயின் எறியும் தூரம் குறையும். தடுப்பை, நூல் தாங்கும் பாரத்தின் நாலிலொரு பங்குக்கு அமைத்தல் தக்கது. அதாவது 4 கிலோகிராம் தாங்கும் நூலை வில் தராசிற் கட்டி இழுக்கும்போது, தராசு 1 கிலோகிராம் காட்டும் நிலையில் தடுப்பு வழுக வேண்டும்.

பாவிக்கும்போது கவனிக்க வேண்டியவை

இரையை எறிந்தபின் வளைகம்பியைக் கையால் மூடுக. கைபிடியைச் சுற்றி மூடும் வழக்கம் வில்லையும் பிற பாகங்களையும் கெடுக்கும். மீன் நூலை இழுத்துச் செல்லும்போது கைபிடியைச் சுற்றுதல் ஆகாது. அவ்வேளையில் நூல் உள்வருவதில்லை. 5 க்கு 1 விகித றீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஐந்து முறுக்கு ஏறும். பின்னர் அந்நூல் சுருண்டு சிக்குப்படும். தூண்டில் கட்டையிலோ கல்லிலோ சிக்கினால் றீலினால் இழுக்காது, கையிற் சீலையைச் சுற்றி நூலைப் பிடித்து இழுத்தல் வேண்டும்.

பராமரிப்பு

நன்னீரில் றீலுக்குப் பெரும் பகை நீரன்று, மணலேயாம். குளக்கட்டின் மண்மேல் றீலை வைத்தல் கூடாது. வேலை முடிந்ததும் ஈரச் சீலையால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, தடுப்பைத் தளர்த்தி வைக்க. நீரில் அமிழ்த்திக் கழுவின் மணல் உள்ளே புகும்.

நூற்கப்பிக்கும் கைபிடிக் குமிழுக்கும் இடையிடையே ஒவ்வொரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடுக. தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகி இறுகும். மண்ணெண்ணெய் உள்ளிருக்கும் கிறீசைக் கரைக்கும். இவ்விரண்டும் தவிர்க்கப்படல் வேண்டும். பற்சக்கரங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறிது கிறீஸ் போதும். பின்சுழற்சியைத் தடுக்கும் பாகத்திற் கிறீஸ் படலாகாது, பட்டால் அது வழுகும்.

பசளையும் கிருமிநாசினியும் வைக்கும் அறையில் றீலை வைத்தல் கூடாது. மியூரியேற்றுப் பொட்டாசு போன்ற பசளைகள் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும். மருந்து தெளித்த கையோடு இரையையோ மீனையோ தொடுவதும், அண்மையில் மருந்து தெளித்த வயலின் வடிகாலிற் பிடித்த மீனை உண்பதும் உடல்நலத்துக்குத் தீங்காம்.

பொதுவான எச்சரிக்கைகள்

குளத்தில் இறங்குமுன் அங்குள்ள மீன்பிடி விதிகளையும் பெற வேண்டிய அனுமதியையும் மீன்பிடி அதிகாரியிடமோ கிராமத்து மீனவர் சங்கத்திடமோ அறிந்துகொள்ளுதல் வேண்டும். உலர் வலயக் குளங்கள் பலவற்றில் முதலைகள் உண்டு; ஆதலின் இடுப்பளவு நீரில் நின்று தூண்டிலிடல் ஆகாது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மேல் வருமாயின், அருகில் தாய் தந்தை விரால்கள் காவலிருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீனுக்கு இரையாகி, அடுத்த ஆண்டின் மீன் குறையும்.

வெட்டியெறியும் நூற்றுண்டுகளைக் கரையில் விடாது வீட்டுக்குக் கொண்டுசெல்க. தங்கூசி நூல் எளிதில் உக்காது. கன்றுகளின் காலிலும் பறவைகளின் சிறகிலும் சிக்கும்.

இவ்வாறு தேர்ந்து, அளவறிந்து பாவித்து, பேணி வைக்கப்படும் நடுத்தர விலையுள்ள றீல் ஒன்று பல போகங்களுக்கு உழைக்கும்.