போர் விமானத்தின் உதிரிகள் கைமாறும் சந்தை

இங்கிலாந்தின் நியூவார்க் நகருக்கு அருகில் வின்தோர்ப் என்று ஓரிடம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறக்கப் போகிறவர்களுக்கு அங்கிருந்த தளத்தில்தான் பயிற்சி கொடுத்தார்கள். இன்று அங்கே விமான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கு நடக்கும் ஒரு சந்தையை ‘ஏரோஜம்பிள்’ என்கிறார்கள். மேசைகளிலும் கார் டிக்கிகளிலும் சாமான்கள் பரப்பியிருக்கும்: உயரமானி, திசைகாட்டி, விமானியின் தோல் தலையுறை, ஒட்சிசன் முகமூடி, பழுதான பம்பிகள், எண்ணெய்க் கறை படிந்த கையேடுகள், சீருடைப் பொத்தான்கள். சிலர் காசுக்கு வாங்குவார்கள். சிலர் மாற்றிக்கொள்வார்கள். தன்னிடம் இரண்டு உயரமானி இருக்கும் ஒருவர், ஒன்றைக் கொடுத்து வேகமானி ஒன்றைத் தேடுவார்.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிது. விஸ்கொன்சின் மாநிலத்தின் ஒஷ்கோஷில் ஒவ்வொரு ஜூலையும் நடக்கும் விமானப் பெருவிழாவில் பழைய உதிரிப்பாகங்களுக்கென்றே தனிச் சந்தை போடுகிறார்கள். ஆனால் பிரித்தானியச் சந்தைகளில்தான் போரின் வாசனை அதிகம்.

பார்த்தால் எங்கள் ஊர்ப் பழைய இரும்புக்கடை போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே வருகிறவர்கள் ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் அடியில் பொறித்த இலக்கத்தைத் தேடுவார்கள். முடி அடையாளத்தோடு ஆங்கிலத்தில் ‘ஏ எம்’ என்று இருந்தால் அது அக்காலப் பிரித்தானிய வான் அமைச்சின் சொத்து. இலக்கம் ‘6 ஏ’ என்று தொடங்கினால் அது விமானக் கருவி. ‘ஏ எச் 2040’ என்று இருந்தால் ஸ்பிட்பயர் விமானத்தின் சுக்கான் கைப்பிடி. சுடும் பொத்தானும் அதிலேயே இருக்கும். எல்லோரும் தேடுகிற சாமான் என்பதால் அதற்குப் போலிகளும் உண்டு. புதிதாக வார்த்து, கீறி, அழுக்கேற்றி, எழுபது எண்பது வருடப் பழையது என்று தள்ளிவிடுகிறவர்கள் எந்தச் சந்தையிலும் இருப்பார்கள்தானே.

இவ்வளவு தேடுவதற்குக் காரணம், மிச்சம் அவ்வளவு குறைவு. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் 7,377 கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு, ஒன்று பிரித்தானியாவில், மற்றது கனடாவில். போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்களை வெட்டி உருக்கினார்கள். அந்த அலுமினியத்தில் ஒரு பகுதி, வீடிழந்த மக்களுக்கான தற்காலிக வீடுகளாகியது. விமானத் தொழிற்சாலைகளே துண்டு துண்டாகச் செய்து கொடுத்த அலுமினிய வீடுகள் அவை, 54,000க்கும் மேல். தறப்பாளுக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் வருடக்கணக்கில் இருந்த எங்கள் சனம் இந்தத் தகவலை எப்படி வாசிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உருக்காமல் தப்பியவை தோட்டங்களிலும் கொட்டில்களிலும் கிடந்தன. யோர்க்சயர் எல்விங்டன் அருங்காட்சியகத்தில் இப்போது நிற்கும் ஹலிபக்ஸ் விமானத்தின் உடற்பகுதி, ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூடாகக் கிடந்தது. அதற்கு ஹேஸ்டிங்ஸ் என்ற வேறொரு விமானத்தின் இறக்கைகளைப் பொருத்தி, மற்றவற்றைத் தேடியும் செய்தும் முழு விமானமாக்கினார்கள். இப்படியான மீள்கட்டுமானம் ஒன்றுக்கு வருடங்கள் போகும். ஒரு ஆணி, ஒரு ஆளி, ஒரு அளவுக் கருவி என்று சேர்க்கிற வேலை அது. சந்தைகள் உயிரோடு இருப்பது அதனால்தான். விமானி அறையை மட்டும் வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்துகிறவர்களும் நிறைய. 2000ஆம் ஆண்டிலிருந்து நியூவார்க்கில் அவர்களுக்கென்றே ஒரு கூடல் நடக்கிறது. மூக்குப் பகுதியை மட்டும் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

எல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. லிங்கன்சயரின் பன்டன் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட், ஹரோல்ட் இருவரும் விவசாயிகள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ் 1944 மார்ச் 30 இரவு நியூரம்பேர்க் நகரைத் தாக்கப் போன ஹலிபக்ஸ் ஒன்றில் இருந்தார். அன்றிரவு அனுப்பிய 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அவருடையதும் அதில் ஒன்று. தம்பிகள் 1983இல் ஒரு லங்காஸ்டரை வாங்கி, ஈஸ்ட் கேர்க்பி என்ற பழைய விமானத்தளத்தில் வைத்து அதன் நான்கு இயந்திரங்களையும் திரும்ப ஓட வைத்தார்கள். அண்ணனுக்கான நினைவிடம் என்றுதான் அந்த அருங்காட்சியகத்தையே நடத்தினார்கள்.

கிபிர் இரைச்சலுக்குப் பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு, குண்டு போட்ட விமானத்தை ஒருவர் ஆசையாகத் துடைப்பதைப் பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கும். இந்த மேசைகளில் இருப்பவை பெரும்பாலும் மேலே இருந்தவர்களின் பொருட்கள். ஹம்பேர்க்கிலும் ட்ரெஸ்டனிலும் கீழே இருந்தவர்களின் பொருட்கள் நெருப்போடு போய்விட்டன. இந்த ஒருபக்கத் தன்மையைச் சந்தைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் கரைக்கும் அந்தப் போர் வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து கிளம்பியவை ஹரிக்கேன் விமானங்கள். அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்ம்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஹரிக்கேனில் இருந்த அதே வகைக் கருவிகள் இந்தச் சந்தைகளில் இன்றும் கைமாறுகின்றன.

ஆபத்தும் உண்டு. அக்காலக் கருவிகளின் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். இப்போது ஒளிராது, ஆனால் ஒளிரவில்லை என்பதால் கதிர்வீச்சு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 வருடம் எடுக்கும். கண்ணாடியைக் கழற்றக்கூடாது, உதிரும் தூள் மூச்சுக்குள் போகக்கூடாது. ஸ்கொட்லாந்தின் டல்கெட்டி பே கடற்கரையில், போருக்குப் பின் எரித்துக் கொட்டிய கருவிகளின் மிச்சம் 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. துப்புரவு முடிய 2023 ஆகியது. விமானியைத் தூக்கி வீசும் இருக்கைகளில் வெடிமருந்துக் குப்பிகள் இருக்கும், அவை அகற்றப்பட்டதை உறுதிசெய்யாமல் தொடவே கூடாது. போர் முடிந்த பின் வன்னியில் பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்களை அறிந்த நாங்கள் இதை நம்பாமல் இருக்க மாட்டோம்.

இன்னொன்று, பத்திரம். அலுமாரியில் வைக்கிற பொருளுக்குப் பத்திரம் தேவையில்லை. பறக்கப் போகிற விமானத்தில் பூட்டுகிற பாகத்துக்கு, யார் செய்தது, யார் பரிசோதித்தது என்ற சான்றிதழ் வேண்டும். 1989 செப்டெம்பர் 8 அன்று நோர்வேயின் பார்ட்நெயர் நிறுவன விமானம் டென்மார்க் கரைக்கப்பால் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வால்பகுதியைப் பிடித்திருந்த போலியான, தரம் குறைந்த ஆணிகளைத்தான் விசாரணை காரணமாகக் காட்டியது.

விழுந்த விமானத்தின் பாகம் என்றால் விசயம் வேறு. 1986ஆம் ஆண்டின் சட்டப்படி, இராணுவச் சேவையில் இருந்தபோது பிரித்தானியாவில் விழுந்த எந்த விமானத்தையும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றித் தோண்டினால் குற்றம். மனித எச்சங்கள் இருக்கக்கூடும் என்றால் பொதுவாக அனுமதி கிடையாது. எந்த நாட்டு விமானம், யாருடைய பிள்ளை என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஜேர்மன் விமானத்துக்கும் அதே பாதுகாப்பு. கொக்குத்தொடுவாயில் 2023இல் குடிநீர்க் குழாய்க்கு வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டதை நினைத்துக்கொண்டு இதை வாசிக்கும்போது, தோண்டுவதற்கு முன்பே கேள்வி கேட்கிற ஒரு சட்டம் என்பது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

சந்தையில் சில நேரம் விமானிகளின் பறப்புப் பதிவேடுகளும் வரும். ஒவ்வொரு பயணமும், போன இடமும், பறந்த நேரமும் கையெழுத்தில் இருக்கும். திரும்பி வராதவர்களின் பதிவேட்டில் கடைசி வரிக்குக் கீழே ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அப்படிக் கல்லறையே இல்லாமல் போனவர்களின் பெயர்கள், 20,000க்கும் மேல், இலண்டனுக்கு வெளியே ரணிமீட் குன்றில் 1953இல் திறந்த நினைவுமண்டபத்தின் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன.