பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில்

வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் கடை. பின்னேரம் ஐந்து மணி. பள்ளிச் சீருடையோடு பிள்ளை, பக்கத்தில் தாய்.

"தம்பி, சயன்ஸ் டியூட் எட்டுப் பக்கம். பிரிண்ட் எடுக்கோணும்."

"வட்ஸ்அப்பிலயா இருக்கு அன்ரி? இதில ஸ்கேன் பண்ணுங்கோ."

எட்டுப் பக்கமும் வந்தன. தாய் காசைக் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வரிசையில் அடுத்து நின்ற எனக்கு அவருடைய வட்ஸ்அப் முழுவதும் திரையில் தெரிந்தது: வகுப்புக் குழு, ஸ்கூல் வேன் குழு, பிள்ளையின் பிறந்தநாள் படங்கள். மூடச் சொன்னேன். "ஒரு நாளைக்கு நாலஞ்சு பேர் இப்பிடித்தான்" என்று தம்பி சிரித்தார். அவர் நல்ல பிள்ளை. எல்லாக் கடையிலும் அவரே இருக்கமாட்டார்.

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பள்ளிகளை மூடியபோது ஆசிரியர்கள் அவசரத்துக்குத் தொடங்கியவை இந்தக் குழுக்கள். பள்ளிகள் திறந்தன, குழுக்கள் கலையவில்லை. வீட்டுப்பாடம், விடுமுறை, வேன் பிந்தும் செய்தி எல்லாம் அங்கேதான். பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்கென விலை கொடுத்து வாங்கும் வடிகட்டி மென்பொருளைப் பற்றிப் பேசுமுன் இந்தக் குழுக்களைச் சரிசெய்வோம். கொழும்பில் நம் பிள்ளைகளின் உண்மையான பள்ளித் தொழில்நுட்பம் இதுதான்.

சாதாரணக் குழுவில் சேர்ந்தவர் எவருக்கும் மற்ற எல்லாருடைய இலக்கமும் தெரியும். அம்மாவின் இலக்கம்தானே என்கிறோம். பின்னேரத்தில் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது? சேரும் இணைப்பு ஒருமுறை வெளியே போனால், எந்த மாமா எந்தப் பிள்ளைக்கு மாமா என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: குழுவின் நிர்வாகிகள் யார், பழைய இணைப்பை ரத்துச் செய்தாயிற்றா, ஆசிரியர் மட்டும் எழுதும்படி மாற்றமுடியாதா? வட்ஸ்அப்பின் 'கம்யூனிட்டி' அறிவிப்புக் குழுவில், நம்மைத் தொடர்பில் சேமித்திராத மற்றப் பெற்றோருக்கு நம் இலக்கம் தெரியாது. செலவில்லை, பத்து நிமிட வேலை.

கூகுள் கிளாஸ்ரூம் இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் பள்ளியே கொடுத்த கணக்காக இருந்தால்தான். அப்போது பிள்ளை யாரோடு பேசலாம், என்ன தேடலாம் என்பதைப் பள்ளியின் நிர்வாகி கட்டுப்படுத்தலாம். ஆசிரியர் தன் சொந்த ஜிமெயிலில் வகுப்பைத் திறந்து, பிள்ளையும் அம்மாவின் ஜிமெயிலில் சேர்ந்தால் அந்த வேலி கிடையாது.

இனி, மிரட்டல். பிள்ளையின் படத்தை வைத்து ஒருவன் பயமுறுத்துகிறான் என்று தெரிந்ததும் நம் கை முதலில் போவது பிள்ளையின் கன்னத்துக்கு, அடுத்தது போனில் உள்ளதை அழிப்பதற்கு. இரண்டும் அவனுக்கே உதவி. இலக்கம், கணக்கின் பெயர், திகதி தெரியும்படி மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். காசு அனுப்பாதீர்கள், அனுப்பினால் மறுபடியும் கேட்பான். அந்தப் படத்தை ஆலோசனை கேட்கவென்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் பகிர்வதும் குற்றம். பத்து ஆண்டுவரை சிறை. 2006இல் சேர்ந்த இன்னொரு விதி கணினிச் சேவை கொடுப்பவருக்கும் பொறுப்புச் சுமத்துகிறது. தன் கணினி சிறுவர் பாலியல் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாமல் அவர் பார்த்துக்கொள்ளவேண்டும். தெரியவந்தால் பொலிசுக்குச் சொல்லவேண்டும். கொமினிகேஷன்காரர்கள் இதை ஒருமுறை வாசிப்பது நல்லது.

முதல் அழைப்பு 1929க்கு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு. படம் பரவும் என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. அதை அமெரிக்காவிலுள்ள, காணாமற்போன மற்றும் சுரண்டலுக்குள்ளான சிறுவர்களுக்கான தேசிய மையம் நடத்துகிறது. எந்த நாட்டுப் பிள்ளையும் பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதை வைத்துத் தேடி நீக்கும். வட்ஸ்அப் உரையாடலுக்குள் ஓடும் படத்தை இதனால் பிடிக்கமுடியாது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பலர் பொலிசுக்குப் போகத் தயங்குவது சிங்களத்தில் எழுதுவார்களே என்றுதான். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்து விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அந்தப் பஸ் பிடித்த தாய்க்குச் சொல்ல முடியாமல் போன ஒன்று. வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்தால் எந்தெந்தக் கணினியில் உங்கள் கணக்கு திறந்து கிடக்கிறது என்று பட்டியல் வரும். தெரியாத பெயரைத் தொட்டு 'லொக் அவுட்' கொடுங்கள். அடுத்தமுறை டியூட்டைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.