மணி ஆறு... காலையா, மாலையா?

தேவாரத்தில் விடியும் முன்பே, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக் கொண்டு ஜீப்கள் மலைக்குக் கிளம்பிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? அன்றைய கூலி போச்சு!

பழைய டீசல் ஜீப்பில் டீசல் தெளிக்கும் நேரத்தைப் பல்சக்கரமே பார்த்துக் கொள்ளும். புது வண்டிகளில் அது கம்ப்யூட்டர் வேலை. அதற்கு ஒரு குழப்பம் உண்டு. கடிகாரத்தில் மணி ஆறு. காலையா, மாலையா? முள்ளைப் பார்த்தால் தெரியாது. ஜன்னலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

என்ஜினும் அப்படித்தான். உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு... இந்த நான்கு வேலையும் முடிய கிராங்க் ஷாப்ட் 2 சுற்று சுற்றும். கேம் ஷாப்ட் 1 சுற்றுதான். பிஸ்டன் மேலே வரும்போது, அது எரிக்கும் நேரமா, புகையைத் தள்ளும் நேரமா? 'ஜன்னலைத் திறந்து' சொல்வது கேம் ஷாப்ட் சென்சார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும்! பல வண்டிகளில் இது, அமெரிக்கர் எட்வின் ஹால் 1879ல் கண்டறிந்த காந்த விளைவால் இயங்குகிறது.

இது மக்கர் செய்தால் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். ஸ்கேனரில் 'பி0340' என்று காட்டும். உடனே புது சென்சார் வாங்க ஓடக்கூடாது! தகவல் சரியாக வரவில்லை என்பதுதான் அதன் பொருள். 'உள்ளேன் ஐயா' காதில் விழாவிட்டால், பையன் வரவில்லை என்று முடிவு கட்டலாமா? வெளியே இரைச்சலாக இருந்திருக்கலாமே!

எலி ஒயரைக் கடித்திருக்கலாம்; பிளக்கில் ஈரமோ, எண்ணெயோ புகுந்திருக்கலாம். கெட்டிக்கார மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். மல்டி மீட்டர் வைத்து மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பார். ஒயரும் பிளக்கும் சரியாக இருந்தால்தான் சென்சாரில் கை வைப்பார். பிறகு ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு, போடிமெட்டு ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்.