பதினாறு ஆண்டுகள் பக்கத்து இருக்கையில்

கால்பந்தில் முப்பத்தைந்து வயது என்பது ஏறக்குறைய ஓய்வு வயது. அதன்பிறகு பயிற்சிப் பக்கம் வருகிறவர்களில் பலர் உதவிப் பயிற்சியாளராகத்தான் தொடங்குகிறார்கள். யோகிம் லோவ் 2004இல் ஜெர்மனி அணிக்கு உதவிப் பயிற்சியாளர். 2006இல் தலைமைப் பயிற்சியாளர். 2014இல் உலகக் கோப்பையை வென்றவர். மிகெல் ஆர்டெட்டா மான்செஸ்டர் சிட்டியில் பெப் கார்டியோலாவுக்குத் துணையாக இருந்துவிட்டு, 2019 டிசம்பரில் ஆர்செனலின் பொறுப்பை ஏற்றார். இப்படிப்பட்டவர்களையே பார்த்துப் பழகிவிட்டதால், அந்தப் பதவியை மேலே போவதற்கான ஒரு படியாகவே நினைக்கிறோம். அங்கேயே தங்கிவிட்டவரை ஏறத் தெரியாதவர் என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டிய திறமை வேறு, உதவிப் பயிற்சியாளருக்கு வேண்டிய திறமை வேறு. இரண்டாவதில் முழு வாழ்க்கையையும் செலவிட்டு உச்சம் தொட முடியும் என்பதற்கு பாட் ரைஸைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1949இல் பெல்ஃபாஸ்டில் பிறந்த ரைஸ் லண்டனில் வளர்ந்தவர். ஆர்செனலின் பழைய ஹைபரி மைதானத்தை ஒட்டிய கில்லெஸ்பி ரோட்டில், ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்த்திருக்கிறார். ஆர்செனலில் சேர்ந்த பிறகும் சில ஆண்டுகள் முதல் அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. கிடைத்த பின், வலது பின்களத்தில் அவரை அசைக்க ஆளில்லை. மொத்தம் 528 ஆட்டங்கள், வட அயர்லாந்துக்காக 49. லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற 1971ஆம் ஆண்டு அணியில் அவர் இருந்தார். 1979 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவரே கேப்டன். ஐந்து நிமிடங்களே பாக்கி இருக்கும்போது ஆர்செனல் 2–0 என்று முன்னிலையில் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. எல்லாரும் கூடுதல் நேரத்தை எதிர்பார்த்த வேளையில் ஆலன் சண்டர்லேண்ட் மூன்றாவது கோலை அடித்தார். கையில் இருக்கும் வெற்றி எத்தனை வேகமாக நழுவும் என்பதைத் தற்காப்பு ஆட்டக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பின்னாளில் பயிற்சி மைதானத்தில் அவருக்கு உதவியது இந்த அறிவுதான்.

வாட்ஃபோர்டில் சில ஆண்டுகள் ஆடிவிட்டு 1984இல் ஆர்செனலுக்கே இளைஞர் அணிப் பயிற்சியாளராகத் திரும்பினார். அவருடைய பையன்கள் 1988லும் 1994லும் எஃப்.ஏ. இளைஞர் கோப்பையை வென்றார்கள். 1996 செப்டம்பரில் தலைமைப் பயிற்சியாளர் இல்லாமல் கிளப் தடுமாறியபோது தற்காலிகப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஷெஃபீல்ட் வெட்னஸ்டேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அணி பின்தங்கியிருந்தபோது, ஆர்செனலுக்காக அதுவரை ஆடியிராத பாட்ரிக் வியேராவைக் களமிறக்கினார். ஆட்டம் 4–1 என்று முடிந்தது. அவர் பொறுப்பில் இருந்த மூன்று லீக் ஆட்டங்களிலும் வெற்றி. பிறகு ஜப்பானிலிருந்து ஆர்சன் வெங்கர் வந்தார். ரைஸ் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். இங்கிலாந்தில் அநேகம் பேருக்கு வெங்கர் யாரென்றே தெரியாது. கேப்டன் டோனி ஆடம்ஸ் தம் குடிப்பழக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும் அதே செப்டம்பரில்தான். உணவு முதல் உடற்பயிற்சி வரை எல்லாவற்றையும் மாற்ற வந்த ஒரு வெளிநாட்டவருக்கு, அந்த ஓய்வறையில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த ஒருவர் கட்டாயம் தேவை. பழைய ஆட்டக்காரர்கள் நம்புகிற ஆளாக, புதியவரின் திட்டத்தைத் தினசரிப் பயிற்சியாக மாற்றுகிற ஆளாக ரைஸ் இருந்தார். 1998லும் 2002லும் மீண்டும் இரட்டை வெற்றி; 2003–04இல் 38 லீக் ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லை.

புகழெல்லாம் வெங்கருக்கு உரியது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். ஒருவரின் பங்கை இன்னொருவரிடமிருந்து பிரித்து அளக்க வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜோடி பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் உதாரணம் உண்டு. பிரையன் கிளஃப், தம் உதவியாளரான முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் டெய்லரோடு சேர்ந்து டார்பியை 1972இல் லீக் சாம்பியன் ஆக்கினார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 1979, 1980 என இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வாங்கித் தந்தார். நடுவில் 1974இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸுக்குப் போனார். 44 நாளில் வெளியேற்றப்பட்டார். 1982இல் இருவரும் பிரிந்த பிறகும் கிளஃப் லீக் கோப்பைகளை வென்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். லீக் பட்டத்தையோ ஐரோப்பியக் கோப்பையையோ அவர் மறுபடி தொடவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2005க்குப் பிறகு ரைஸ் இருந்த ஏழு பருவங்களில் ஆர்செனல் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. எதிர்த்துப் பேசுகிற உதவியாளர் இருந்திருந்தால் வெங்கரின் தவறுகள் திருத்தப்பட்டிருக்கும் என்கிறார்கள். மூடிய அறைக்குள் இருவரும் என்ன வாதிட்டார்கள் என்பது வெளியே வருகிற விஷயமல்ல; தலைவரோடு சபையில் முரண்படாதிருப்பது இந்த வேலையின் முதல் ஒழுக்கம். 2006இல் கிளப் புதிய மைதானத்துக்கு மாறியது. அந்தக் கடன் சுமையில் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். ஆட்களை வாங்குவதும் விற்பதும் உதவிப் பயிற்சியாளர் கையில் இல்லை. நீண்ட காலம் ஒரே குரல் ஒலித்தால் கூர்மை குறையும் என்பதை மட்டும் ஏற்கலாம். அது வெங்கருக்கும் பொருந்தும். ரைஸ் 2012இல் ஓய்வு பெற்றபோது, ஆர்செனலின் மூன்று இரட்டை வெற்றிகளிலும், ஒரு முறை ஆட்டக்காரராகவும் இரு முறை பயிற்சியாளராகவும், பங்கு கொண்டவர் அவர். அந்த இருக்கைக்குக் கிளப் அடுத்துத் தேர்ந்தெடுத்தது ஸ்டீவ் போல்டை. அவரும் ஆர்செனலின் பழைய தற்காப்பு ஆட்டக்காரர். அவரும் அதே கிளப்பின் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்.