நரியின் இடத்தில் நாய்

வட அமெரிக்காவில் மான்குட்டிகளை வேட்டையாடும் கயோட்டி என்னும் நாய்க் குடும்ப விலங்குக்கு இணையாகத் தமிழகத்தில் சொல்லத்தக்கது நரி. 1978இல் தேசியப் பூங்காவான, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, சென்னையின் கிண்டிக் காட்டில் சிறுத்தை போன்ற பெரிய ஊனுண்ணிகள் இல்லாததால், புள்ளிமானும் வெளிமானும் அஞ்சவேண்டிய இயற்கையான எதிரி அதுவே. எனினும் எலி, பூச்சி, பழம், பிணம் என எதையும் தின்று வாழும் நரி, மான்களில் பெரும்பாலும் குட்டிகளையே நாடுகிறது.

காட்டுக்குள் நுழையும் தெருநாயின் நிலை வேறு. இரை குறைந்தால் காட்டு விலங்கின் தொகையும் குறையும். மனிதர் எறியும் உணவை நம்பிப் பெருகும் நாய்க்கு அந்த வரம்பு இல்லை என்பதால், அது வளர்ந்த மானையும் கூட்டமாகத் துரத்திக் கடித்துக்கொண்டே இருக்க முடிகிறது. 2018இல் கிர் காட்டுச் சிங்கங்களைப் பலிகொண்ட டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயையும் நாய்கள் நரிகளுக்குப் பரப்பக்கூடும்.

மான் இல்லாத வடசென்னையிலும் நாய்களால் இதே சிக்கல் உண்டு. கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளால் திருவொற்றியூர், எண்ணூர்க் கரையின் மணற்பரப்பு சுருங்கிவிட்ட நிலையில், சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை ஒரு குழியில் இடும் ஏறத்தாழ நூறு முட்டைகளையும் நாய்கள் ஒரே இரவில் தோண்டித் தின்றுவிடக்கூடும் என்பதாலும், சென்னைக் கடற்கரையில் வனத்துறையினரும் தன்னார்வலர்களும் விடியுமுன் அவற்றைப் பொரிப்பகங்களுக்கு மாற்றுகின்றனர்.