போலீசில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றினால்

போலீசில் ஒன்று சொல்லிவிட்டு நீதிமன்றத்தில் வேறு சொன்னால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பல்டி அடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று தைரியம் சொல்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் எதிர்த்தரப்பு ஆட்கள். இரண்டுமே தவறு. சட்டம் தண்டிப்பது பேச்சு மாறியதற்காக அல்ல, சத்தியம் செய்துவிட்டுத் தெரிந்தே பொய் சொன்னதற்காக.

போலீஸ் விசாரணையில் பதிவாகும் வாக்குமூலம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 161 வாக்குமூலம் என்று இன்றும் சொல்லப்படுவது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அதற்குச் சத்தியப் பிரமாணம் இல்லை, சாட்சியிடம் கையெழுத்து வாங்கவும் கூடாது. சாட்சி சொன்னது அதிகாரியின் நடையில்தான் தாளில் ஏறுகிறது. அதனால் அது தனித்த சாட்சியம் ஆகாது. கூண்டில் சொல்வதோடு எங்கே முரண்படுகிறது என்று காட்ட மட்டுமே பயன்படும். அதற்கும் முறை உண்டு. அந்த வரியைச் சாட்சியிடம் காட்டிக் கேட்பார்கள். சாட்சி மறுத்தால் ‘அப்படி நான் போலீசில் சொன்னேன் என்றால் சரியல்ல’ என்று பதிவாகும். பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, சாட்சி அப்படித்தான் சொன்னார் என்பதை அவர் மூலம் நிரூபிக்க வேண்டும். ஆகவே, தான் சொல்லாததைப் போலீஸ் எழுதியிருந்தால் நீதிமன்றத்தில் மறுப்பது குற்றமே அல்ல.

மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. பழைய 164, இப்போது 183. பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அங்கே சத்தியம் செய்து சொன்னதைக் கூண்டில் தலைகீழாக மாற்றினால், இரண்டில் ஒன்று பொய் என்றாகிறது. பொய்ச்சாட்சிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனாலும் வழக்கு தானாகப் பாயாது. வேண்டுமென்றே பொய் சொல்லப்பட்டது, நீதியின் நலனுக்கு நடவடிக்கை தேவை என்று நீதிமன்றம் கருத வேண்டும். மறதியும் சிறு முரணும் இதில் சேராது.

நடவடிக்கை வெறும் ஏட்டில் இருப்பதல்ல. குஜராத் கலவரத்தின் பெஸ்ட் பேக்கரி கொலை வழக்கில் மாறி மாறிப் பேசிய முக்கியச் சாட்சிக்கு, 2006இல் உச்ச நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு சிறை விதித்தது. தமிழ்நாட்டின் கோகுல்ராஜ் ஆணவக் கொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்மீது தானாகவே அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. பல்டியால் குற்றவாளிகளும் தப்பவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. பிறழ் சாட்சி சொன்னதிலும் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பிறழ்கிற எல்லோரையும் தண்டித்தால் என்ன என்று கேட்கலாம். பணம் வாங்கியவருக்கு அது சரி. எதிரி வாழும் அதே தெருவில் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு? சாட்சி மட்டும் சிறை போக, மிரட்டியவர் வெளியே உலவுவார். தண்டனைக்குப் பயந்து, போலீஸ் தப்பாக எழுதியதையே ஒப்பிக்கும் சாட்சிகளும் பெருகுவார்கள். அது குற்றமற்றவருக்கு ஆபத்து.

மிரட்டல் வந்தால் கூண்டேறும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைக்குரிய தனிக்குற்றம். இன்னொரு வழியும் உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட அமர்வு நீதிபதி தலைமையிலான குழுவிடம், அதன் உறுப்பினர் செயலரான மாவட்ட அரசு வழக்குத் தொடர்வுத் தலைவர் மூலம் மனு கொடுக்கலாம். போலீஸ் பாதுகாப்பு, வீட்டில் கேமரா, குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்லும் ஏற்பாடு ஆகியவற்றைக் கேட்கலாம். மிரட்டல் போனில் வந்திருந்தால் அந்த எண்ணையும் நேரத்தையும் அன்றே குறித்து, மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.